சின்ன லிவர்

"எதுவோ பிடிக்குது தாயி," என்றார் கோட்டைச்சாமி.

பிலோமி ஜீப்பைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"எது பிடிக்குது?"

"தெரியல. வளைவுல திருப்பினா யாரோ பின்னாடி நின்னு இழுக்கிற மாதிரி இருக்கு. டயரு கத்துது. பிரேக்காத்தான் இருக்கும்."

"போன வாரமும் பிரேக்குன்னுதான் சொன்னீங்க."

"சொன்னேன்."

"கழட்டினீங்க."

"நாலு சக்கரத்தையும்."

"என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"இப்ப மறுபடியும் கழட்டப் போறீங்களா?"

கோட்டைச்சாமி சக்கரத்துப் பக்கம் குனிந்தார். ஸ்பேனர் ஏற்கெனவே கையில் இருந்தது.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவளுக்குப் பத்தொன்பது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மலையடிவாரத்தில் ஜீப் ஷெட் வைத்திருப்பவள். குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஜீப் கற்க வேண்டுமா, அந்த வட்டாரத்தில் அவளிடம்தான் வர வேண்டும். வந்தார்.

டீக்கடையில் சிரித்தார்கள்.

"என்ன கோட்டை, பரீட்சை எப்போ?"

"பெயிலானா முட்டி போடச் சொல்லுதாமே அந்தப் புள்ள?"

சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அவருக்கு வேறு கவலை.

அந்த ஜீப் ஒரு காப்பித் தோட்டத்துக் களத்துக்குப் பின்னால் கிடந்தது. அவர் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. பானெட்டுக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தரைத் தகடு கால் வைத்தால் அப்பளம். வயரெல்லாம் எலி தின்ற மிச்சம்.

"தூக்கிட்டுப் போனா உனக்குப் புண்ணியம்," என்றார் தோட்டக்காரர்.

தூக்கி வந்தார். துருவைச் சுரண்டினார். தகடு வெட்டி ஒட்டினார். பிலோமி திட்டத் திட்டப் பிரித்து, திட்டத் திட்டப் பூட்டினார். ஒருநாள் இன்ஜின் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. அன்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புகையா?" என்று கேட்டாள் பிலோமி.

"புகைதான்."

ஆசைக்கு எடுத்த வண்டி இல்லை அது. அவர் மகள் தமயந்தி மலைமேல், மேல்சோலையில் இருந்தாள். நிறைமாதம். மருமகன் திருப்பூரில். நடந்து இறங்கவே கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாடகை ஜீப்காரர்கள் அந்தப் பாதைக்கு வரமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

போன மழைக்காலத்தில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் கட்டிலை இறக்கி வைத்தார்கள். அதற்குப் பிறகு அவசரம் இல்லாமல் போய்விட்டது.

அந்தக் கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்தவர் கோட்டைச்சாமி.

இப்போது மேற்கே மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஸ்பேனரை வைங்க பெரியப்பா," என்றாள் பிலோமி. "ஜாக்கியை எடுங்க."

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜாக்கியைக் கொடுத்து ஏற்றினார். சக்கரம் தரையை விட்டது. விட்டதுதான் தாமதம், படக்கென்று தானாகச் சுழன்று நின்றது. இன்ஜின் ஓடவில்லை. யாரும் தொடவில்லை.

கோட்டைச்சாமி இரண்டடி பின்னால் குதித்தார்.

"என்ன தாயி இது, பேய் புகுந்த மாதிரி!"

"முறுக்கிக்கிட்டு இருந்துச்சு. விட்டுருச்சு."

"யாரு முறுக்கினது?"

பிலோமி கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

அவருக்கு எரிச்சலாக வந்தது. இதெல்லாம் ஒரு பதிலா? வானம் இப்படி இருக்கும்போது வாயைத் திறந்து சொன்னால் என்ன? அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சக்கரமும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் திரும்பி வந்து, வண்டிக்குள் கையை விட்டு, கியர் பக்கத்தில் நின்ற சின்ன லிவரை ஒரு விரலால் தள்ளினாள். நோகாமல் நகர்ந்தது.

"இது எதுக்கு பெரியப்பா?"

"ஃபோர் வீலு. நாலு சக்கரமும் சேந்து இழுக்கும்."

"எங்க போடணும்?"

"சேத்துல."

"ஷெட்டு வாசல்ல சேறா கிடக்கு?"

"இல்ல... பத்திரத்துக்கு."

"எப்பலேருந்து போட்டு வெச்சிருக்கீங்க?"

"வண்டி ஓட ஆரம்பிச்ச அன்னைலேருந்து."

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"வளையும்போது நாலு சக்கரத்துக்கும் நாலு வேகம். நீங்க ஒரே கட்டாக் கட்டிப்போட்டா ஒண்ணை ஒண்ணு முறுக்கும். சேறுன்னா வழுக்கி விட்டுக்கொடுத்துரும். சிமென்ட்டு விட்டுக்கொடுக்காது. ஏதாச்சும் ஒண்ணு உடையும்."

"புரிஞ்சுது."

"புரிஞ்சுதா?"

"அட, புரிஞ்சுது தாயி. ஏறு, நீயும் வா. இன்னைக்கே அவளைக் கூட்டியாந்துருவோம்."

பிலோமி ஷெட்டைச் சாத்திவிட்டு வந்து ஏறினாள். அவள் சாத்துகிற நேரத்தில் அவர் லிவரைப் பழையபடி போட்டுவிட்டார்.

பயமாயிருக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால்தான் பத்திரத்துக்கு என்று சொல்லியிருந்தார்.

மலைப்பாதையின் முதல் வளைவுகளுக்குச் சிமென்ட் போட்டிருந்தார்கள். இடப்பக்கம் பள்ளம். ஒன்று கடந்தது. அடுத்ததில் ஸ்டியரிங் கல்லானது. டயர் கத்தியது. வண்டி உதறி, இன்ஜின் நின்றது.

அவர் லிவரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர லிவர் அசையவில்லை.

பிலோமி வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, வர மாட்டேங்குது."

"பின்னால விடுங்க."

"என்னது?"

"வந்த தடத்துலயே கொஞ்சம் பின்னால விடுங்க."

"மேல என் மகள் கிடக்கா! நீ பின்னால போகச் சொல்ற!"

"ஆமா."

"பின்னால பள்ளம்."

"பள்ளம் ஓரத்துல இருக்கு. பாதை நடுவுல இருக்கு. நீங்க பாதையில விடுங்க."

வேர்வை கண்ணில் இறங்கியது. கிளப்பினார். பின் கியர் போட்டார். வண்டி அங்குலம் அங்குலமாக, தான் ஏறி வந்த கோட்டின்மேலேயே இறங்கியது. எங்கேயோ அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். அவர் கை லிவரின்மேல் சும்மாதான் இருந்தது. அதுவாகவே கழன்று வந்தது.

பிலோமி கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்க போற?"

"ஷெட்டுக்கு."

"பாதியில விட்டுட்டா? நீயே ஓட்டு தாயி. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"குழந்தை பொறந்து, அதுக்குக் காய்ச்சல் வந்தா? அன்னைக்கும் நான் மேல இருப்பேனா?"

கோட்டைச்சாமி மேலே ஏறும் பாதையைப் பார்த்தார்.

"ஓடைக்கிட்ட சேறு இருக்குமே."

"இருக்கும். போடுங்க."

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே போட்டு வெச்சிக்கிட்டா?"

அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள். திரும்பவே இல்லை. இவளையெல்லாம் குருவாகக் கும்பிட்டதற்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே கியரைப் போட்டார்.

ஓடையில் சேறு இருந்தது. லிவரைப் போட்டார். நாலு சக்கரமும் மண்ணைக் கவ்விக்கொண்டு ஏறின. அக்கரையில் எடுத்தார். அவரே நம்பவில்லை.

தமயந்தி மூட்டையோடு வாசலில் நின்றாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுவா? கோழி இருந்துச்சே, அந்த வண்டியா?"

"அதேதான். ஏறு ஆத்தா."

இறங்கும்போது முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது. ஓடைச் சேற்றில் லிவரைப் போட்டார், தாண்டியதும் எடுத்துவிட்டார். அதற்குக் கீழே வழியெல்லாம் பாறை, பிறகு சிமென்ட்.

"வலிக்குதா ஆத்தா?"

"இல்லப்பா."

ஒரு வளைவு.

"இப்ப வலிக்குதா?"

"இல்ல."

சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. அவர் வண்டியை நிறுத்தியே விட்டார்.

"வலிச்சா சொல்லிரு. மறைக்காத. வலிக்குதுதான?"

தமயந்தி வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"எப்பா. வலி இன்னும் வரல. வந்தா இந்த மலைக்கே கேக்குற மாதிரி கத்துவேன். இப்ப ஓட்டுங்க."

கோட்டைச்சாமி குனிந்து பார்த்தார்.

அவர் இடது கை சின்ன லிவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. விரல் முட்டி வெளுக்கும் அளவுக்கு இறுக்கி. எப்போது போய்ப் பிடித்தது என்று அவருக்கே தெரியவில்லை.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.