தும்பை முயலும் இண்டன் பூனையும்

இலுப்பைக்குளத்துக் கரையில் தும்பை என்ற முயல் குடியிருந்தாள். அந்த வருஷத்து அடைமழையில் அவள் பெற்ற குட்டிகள் எல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டன. மழை விட்ட பிறகும் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு வலித்தது. குடிக்கத்தான் யாருமில்லை.

ஒருநாள் காலை மேயப் போனவள் காதில் மெல்லிய அழுகுரல் விழுந்தது. முள்ளடர்ந்த இண்டம்புதருக்குள் எட்டிப் பார்த்தாள். கண்கூடத் திறக்காத காட்டுப்பூனைக் குட்டி ஒன்று நனைந்து நடுங்கிக்கொண்டு கிடந்தது. தாய்ப்பூனையைக் காணோம். வெள்ளம் இது முயல், இது பூனை என்று பார்த்தா வருகிறது?

தும்பை யோசிக்கவே இல்லை. குட்டியின் பிடரியைக் கவ்வித் தன் புதருக்குத் தூக்கி வந்து பால் கொடுத்தாள்.

அடுத்த புதரில் கொத்தாயி என்ற கௌதாரி இருந்தாள். அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் குளத்துக்கே தெரிந்த மாதிரி.

“ஏன் தும்பக்கா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பூனையக் கொண்டாந்து நடுவீட்டுல வெச்சிருக்கியே!”

“அது கண்ணே தொறக்கல கொத்தாயி. நீ யாரு, நான் யாருன்னு அதுக்கு என்ன தெரியும்?”

“நாளைக்குத் தொறக்கும்ல!”

“தொறந்தா மொதல்ல என்னைத்தான பாக்கும்! அது போதும் எனக்கு!”

அப்படியே ஆயிற்று. குட்டி கண்ணைத் திறந்தான். தும்பையைப் பார்த்தான். “அம்மா” என்றான். தும்பை அவனுக்கு இண்டன் என்று பேர் வைத்தாள். வெள்ளத்தில் போன தன் பிள்ளைகளை நினைத்து அழுவது அன்றிலிருந்து கொஞ்சம் குறைந்தது.

இண்டன் ஓட ஆரம்பித்தான். விளையாட்டு என்றால் அவனுக்கு உயிர். தும்பை தன் நீண்ட காதை அவன் முகத்துக்கு நேரே ஆட்டுவாள். அவன் பதுங்குவான், பின்பக்கத்தை ஆட்டுவான், ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து காதைக் கவ்விக்கொள்வான். குட்டிப் பல் கிச்சுகிச்சு மூட்டுவது போலிருக்கும்.

“பாருங்க, பாருங்க! என் காத எப்படிப் புடிக்கிறான் பாருங்க!” என்று தும்பை குளத்தையே கூட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். கொத்தாயியும் சிரித்தாள். அதிகமாகச் சிரித்தவளே அவள்தான்.

அம்மாவின் காது விளையாட்டுச் சாமான் என்று இண்டன் இப்படித்தான் கற்றுக்கொண்டான். சொல்லிக்கொடுத்தது யார்? அவள்தான்.

குட்டி வளர்ந்தான். பல்லும் வளர்ந்தது. இப்போது அவன் காதைக் கவ்வினால் ரத்தம் வந்தது. “சனியனே, விடுடா!” என்று தும்பை கத்தினாள். இண்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்றுவரை எல்லோரும் சிரித்து ரசித்த காரியத்துக்கு இன்றைக்கு எதற்குத் திட்டு? அவன் மிரண்டுபோய்ப் புதர் மூலையில் ஒடுங்கிக்கொண்டான்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. வெயில் தாழ்ந்ததும் தும்பை அவனைப் பக்கத்தில் படுக்கவைத்துத் தலையிலும் முதுகிலும் நக்கிக் கொடுப்பாள். முயல்கள் பாசம் காட்டுவது அப்படித்தான். இண்டனுக்கும் அது பிடிக்கும். தொண்டைக்குள் மெல்ல உறுமி உறுமிச் சுகப்படுவான். ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். அப்புறம் அவன் வால் தரையில் அடித்துக்கொள்ளும். முதுகுத்தோல் சிலிர்க்கும். காதுகள் பின்னால் மடியும்.

முயல் சாதியில் காதை முதுகோடு மடித்துப் படுத்தால், நிம்மதியாக இருக்கிறேன், பயமில்லை என்று அர்த்தம். தும்பையின் அம்மா அப்படித்தான் படுப்பாள். தும்பையும் அப்படித்தான். ஆகவே இண்டன் காதை மடித்ததும் அவளுக்கு மனசு குளிர்ந்துவிடும். “என் கண்ணு, எவ்வளவு சொகமாப் படுத்திருக்கு பாரு!” என்று இன்னும் அழுத்தி நக்குவாள்.

லபக்கென்று கடி விழும்! முன்கால் நகம் மூக்கில் கோடு போடும்!

“நன்றி கெட்டவனே! ஆசையா நக்கிக் குடுத்தா இப்படியாடா பண்ணுவ?” தும்பை கோபத்தில் பின்னங்காலால் தரையை ஓங்கி அடிப்பாள். நிலம் அதிரும். பயந்துபோன இண்டன் இன்னும் இரண்டு பிராண்டு பிராண்டிவிட்டு ஓடுவான். கொஞ்ச நேரம் கழித்து மெல்லத் திரும்பி வந்து அவள் விலாவில் தலையை முட்டுவான்.

“ஏன்டா கடிச்ச?”

“தெரியலம்மா. கடிச்சப்புறந்தான் கடிச்சேன்னே தெரியுது.”

“திமிரு! வேற என்ன?”

இண்டன் தலை குனிந்துகொள்வான். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பான்.

குளக்கரையில் ஓர் இலுப்பை மரம் நின்றது. தினம் காலையில் எழுந்ததும் இண்டன் அதன் அடியில் நிமிர்ந்து நின்று, உடம்பை முறுக்கி, பட்டையில் நகத்தால் பறபறவென்று பிராண்டுவான். அது பூனைகளின் சோம்பல் முறிப்பு, அவ்வளவுதான். ஆனால் கொத்தாயிக்கு அது போதாதா?

“தும்பக்கா, பாத்தியா? நகத்தத் தீட்டுறான்! யாருக்காகத் தீட்டுறானாம்?”

தும்பை ஓடிப்போய் அவனை மரத்தடியிலிருந்து விரட்டினாள். அதன்பிறகு அவன் மரத்தின் பக்கம் போகும்போதெல்லாம் விரட்டினாள். பிராண்ட மரம் இல்லாமல் போனவன், பிராண்டக் கூடாத இடத்திலெல்லாம் பிராண்டினான். படுக்கைப் புல்லைக் கிழித்தான். தும்பையின் விலாவைக் கீறினான். “பாத்தியா, நான் சொன்னேன்ல!” என்றாள் கொத்தாயி. சொன்னது பலித்துவிட்டதில் அவளுக்கு ஒரு திருப்தி.

அந்தத் திருப்தி நிலைக்கவில்லை. ஒரு மத்தியானம் இண்டன் வெயில் காய்ந்துகொண்டு தூங்கினான். கொத்தாயியின் குஞ்சுகள் வந்து அவன் வாலைக் கொத்தி விளையாடின. அவன் எழுந்து வேறிடம் போய்ப் படுத்தான். அங்கேயும் போய்க் கொத்தின. மறுபடி எழுந்து போனான். மறுபடியும் பின்னாலேயே போயின. அவன் வால் அடித்துக்கொண்டது. காது மடிந்தது. மூத்த குஞ்சு அவன் வால் நுனியைக் கவ்வி இழுத்தது. அடுத்த நொடி ஒரு அடி! குஞ்சின் இறக்கை கிழிந்து தொங்கியது.

குளமே கூடிவிட்டது. அழுத கண்ணும் சிலிர்த்த இறகுமாக நின்றாள் கொத்தாயி. அவள் வாயாடிதான். ஆனால் அன்றைக்கு அவள் பட்ட வேதனை பொய்யில்லை.

“எம்புள்ள இனிமே பறக்குமோ பறக்காதோ! இந்தப் பூனை இங்க இருக்கக் கூடாது! இவன் இருந்தா நாங்க போறோம்!”

“அவன் எங்க போவான் கொத்தாயி? என்னை விட்டா அவனுக்கு யாரு இருக்கா?” என்று தும்பை கெஞ்சினாள். இன்னொரு பிள்ளையை இழக்க அவளால் முடியாது.

வேலப்பன் என்ற முள்ளம்பன்றி அப்போது கூட்டத்திலிருந்து முன்னால் வந்தான். கிடக்கிற எலும்பையும் உதிர்ந்த மான்கொம்பையும் கொறித்துத் தீர்க்கிறவன். நல்லவன்தான், உதவி என்றால் முதலில் நிற்பான். அதுதான் அன்றைக்கு வினையாகப் போயிற்று.

“பூனையால தொல்லையில்ல, நகத்தாலதான தொல்லை? நான் கொறிச்சு எடுத்துடறேன். அடியோட எடுத்துட்டா மறுபடி மொளைக்காது. அவனும் இங்கயே இருக்கலாம்!”

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. தும்பைக்கும் பட்டது. பிள்ளை கூடவே இருப்பான், அவளுக்கு வேறென்ன வேண்டும்?

“வலிக்குமாம்மா?” என்று கேட்டான் இண்டன்.

“கொஞ்சமா வலிக்கும் கண்ணு. கண்ண மூடிக்க.”

“எடுத்துட்டா நான் உங்கூடவே இருக்கலாமா?”

“இருக்கலாம்.”

இண்டன் கண்ணை மூடிக்கொண்டு முன்கால்களை நீட்டினான். ஒரு தடவைகூட இழுத்துக்கொள்ளவில்லை. வேலப்பனை அவன் கடிக்கவும் இல்லை. அவன் போட்ட கூச்சல் மட்டும் குளத்துக்கு அக்கரை வரை கேட்டது.

புண் ஆறப் பல நாள் பிடித்தது. பிறகும் அவன் பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தான். பிராண்டல் நின்றது. கடி நிற்கவில்லை. நிற்கும் என்று நினைத்தவர்கள்தான் ஏமாந்தார்கள். எச்சரிக்க முன்பு அவனிடம் நகம் இருந்தது, இப்போது பல்தான் மிச்சம். ஒரு சாயங்காலம் தும்பை நக்கிக் கொடுத்தபோது அவள் தோளில் பல் ஆழமாக இறங்கிவிட்டது.

தும்பை இந்த முறை திட்டவில்லை. தரையை அடிக்கவும் இல்லை. திட்டித் திட்டி அலுத்துப்போய் உட்கார்ந்து அழுதாள். இண்டன் வந்து விலாவில் தலையை முட்டினான். அழுதுகொண்டே அவள் கேட்டாள்:

“ஏன் கடிச்சேன்னு கேக்கலடா. கடிக்கிறதுக்கு முன்னாடி உனக்கு என்ன ஆகுது? அதச் சொல்லு.”

இப்படி ஒருத்தரும் அவனைக் கேட்டதில்லை. இண்டன் யோசித்தான்.

“மொதல்ல நல்லாருக்கும்மா. அப்புறம் முதுகுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். போதும் போதும்னு இருக்கும். வாலால தரையில அடிச்சுச் சொல்லுவேன். நீ நிறுத்த மாட்ட. காத மடிச்சுச் சொல்லுவேன். நீ இன்னும் அழுத்துவ. அதுக்கு மேல என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது. பல்லு தானா வந்துடும்.”

தும்பை அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“காத மடிச்சா... சொகமா இருக்கேன்னு இல்லையாடா?”

“இல்லம்மா. விட்டுடுன்னு அர்த்தம். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!”

“கொத்தாயி குஞ்சுகிட்டயும் சொன்னியா?”

“சொன்னேன். எழுந்து எழுந்துகூடப் போனேன்.”

தும்பை அவன் முன்பாதங்களைப் பார்த்தாள். நகம் இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து இண்டனின் வால் ஒருமுறை அசைந்தால் போதும், தும்பை நாக்கை எடுத்துவிடுவாள். விளையாடக் காதைக் காட்டுவதில்லை. காய்ந்த கொடி ஒன்றை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடுவாள், அவன் கொடியைத் துரத்திக் கடித்துக் குதறுவான். தூங்குகிறவனை எழுப்பக் கூடாதென்று குஞ்சுகளுக்குச் சொன்னாள். இலுப்பை மரத்தடிக்கு அவனை அவளே கூட்டிக்கொண்டு போனாள். அவன் பழக்கதோஷத்தில் வெறும் பாதத்தால் பட்டையைத் தேய்ப்பான். சத்தமே வராது.

அதன்பிறகு அவன் யாரையும் கடிக்கவில்லை. ஒரு தடவைகூட இல்லை.

“பாத்தியா தும்பக்கா! நகத்த எடுத்ததும் எப்படித் தங்கமா ஆயிட்டான்!” என்றாள் கொத்தாயி.

கோடை வந்தது. சுற்றுவட்டாரக் குட்டைகள் வற்றின. ஒருநாள் நல்ல வெயிலில் ஊர்நாய்க் கூட்டம் ஒன்று தண்ணீர் தேடிக் குளத்துக்கு வந்தது. தும்பை முதலில் மோப்பம் பிடித்தாள். காலால் தரையை அடித்தாள். கௌதாரிகள் புல்லுக்குள் மறைந்தன. வேலப்பன் வளைக்குள் நுழைந்தான். இண்டன் கரையோரத்தில் மீன் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது நாய்கள் அவனைப் பார்த்துவிட்டன.

அவன் இலுப்பை மரத்தை நோக்கி ஓடினான். நாய்களைவிட அவனுக்குத்தான் வேகம். மரத்தை எட்டிவிட்டான்.

“ஏறுடா! ஏறுடா என் ராசா!” என்று தும்பை புதரிலிருந்து கத்தினாள்.

இண்டன் பாய்ந்தான். மரத்தைக் கட்டிப் பிடித்தான். பிடி இல்லை. சறுக்கி விழுந்தான். மறுபடி பாய்ந்தான். மறுபடி சறுக்கினான். தும்பை தன் உயிரை மறந்து வெளியே ஓடி, நாய்களின் முன்னால் குறுக்கே பாய்ந்தாள். “இங்க பாருங்கடா! இங்க!” என்று அலறினாள். ஒரு நாய்கூடத் திரும்பவில்லை. இண்டன் கடைசித் தடவை மரத்தில் பாய்ந்ததையும், அவன் பாதங்கள் பட்டையில் வழுக்கிக்கொண்டே இறங்கியதையும் அவள் பார்த்தாள்.

நாய்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டன.

தும்பை இண்டனின் பக்கத்தில் படுத்து அவன் தலையில் நக்கிக் கொடுத்தாள். முதுகில் நக்கினாள். எவ்வளவு நேரம் நக்கியும் வால் அசையவில்லை. போதும் என்று ஒருதரம் சொல்லமாட்டானா என்று அவள் ஏங்கி ஏங்கி நக்கினாள்.

வேலப்பன் வந்து தூரத்தில் நின்றான். கிட்டே வர அவனுக்குத் தைரியமில்லை. கொத்தாயி வந்தாள். இறக்கை கோணிய குஞ்சும் கூட வந்தது. கொத்தாயிக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

“எவ்வளவு நல்லபடியா மாறிட்டு வந்தான் தும்பக்கா! இப்பப் போய் இப்படி ஆயிடுச்சே!”

தும்பை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவன் மாறல கொத்தாயி. நாந்தான் மாறினேன். கொஞ்சம் முன்னாடி மாறியிருந்தா, எம்புள்ள இப்ப மரத்து மேல இருந்திருப்பான்.”

ஆகவே, கடிக்கிற பிள்ளையின் நகத்தைப் பிடுங்குவதற்கு முன், அது கடிக்குமுன் நம்மிடம் என்ன சொன்னது என்பதை அதன் பாஷையிலேயே கேட்டறிய வேண்டும்.