மெழுகு தேய்த்த மலை

"நான் வரைஞ்சது எதுவும் நிக்கிறதில்ல, டீச்சர்," என்றார் தேவசகாயம்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மரம், நீர், மேடு, வானம் தவிர வேறெதையும் வரைந்ததில்லை. அவருக்கு ஓவியம் சொல்லித்தந்த அமுதவல்லி ஒன்பது வயது இளையவள். ஆனாலும் டீச்சர் டீச்சர்தான்.

"விவரமா சொல்லுங்க."

"புளியந்தோப்ப வரைஞ்சேன். ரோட்டுக்குன்னு வெட்டிட்டாங்க. ஏரிய வரைஞ்சேன். தூர்த்து பிளாட்டு போட்டுட்டாங்க. என் கைதான் சரியில்ல."

"இப்ப என்ன கொண்டாந்தீங்க?"

சுருட்டி வைத்திருந்த தாளை விரித்தார். வயல் இருந்தது. பனைகள் இருந்தன. நடுவே, மலை இருக்க வேண்டிய இடத்தில், மலையின் வடிவத்திலேயே வெறும் வெள்ளை.

அமுதவல்லி அதன்மேல் விரலை ஓட்டினாள். வழுக்கியது.

"மெழுகா?"

"ஆமா. கை தவறி ஒரு சொட்டு கலர்கூட ஒட்டிடக் கூடாதுல்ல. அந்த மலையாவது நிக்கட்டும்."

மலையை உடைக்கும் கல்குவாரியில், வெடிக்கு முந்தைய எச்சரிக்கைச் சங்கு ஊதியது.

இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். தேவசகாயம் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

வெடி வெடித்தது. ஜன்னல் அதிர்ந்து அடங்கியது.

அமுதவல்லி இருமத் தொடங்கினாள். வெகுநேரம் இருமினாள். டாக்டர் கைவிரித்த விஷயம் ஊருக்கே தெரியும். யாரும் அவள் முன்னால் அதைப் பேசுவதில்லை.

"மலை எங்கயும் போயிடல," என்றாள், நெஞ்சைத் தொட்டு. "பொடிப்பொடியா இங்க குடி வந்துட்டிருக்கு."

தேவசகாயம் சிரிக்கவில்லை.

அவள் தூசிக்காக முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். முக்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னை வரைங்க."

"எனக்கு மனுஷங்க வராது, டீச்சர்."

"மலைன்னு நெனச்சுக்கங்க. பாதி அதுதானே."

"விளையாடாதீங்க."

"விளையாடல. தாள எடுங்க."

தாளை எடுத்தார். தூரிகையையும் எடுத்தார். உடனே கீழே வைத்துவிட்டார்.

"வேணாம். வேற என்ன சொன்னாலும் செய்றேன். இது வேணாம்."

"பயமா இருக்கா?"

"ரொம்ப."



"நீங்க வரையாம விட்டா நான் இருந்துடுவேனா, சகாயம்?"



மறுபடி சங்கு ஊதியது.

இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. தூரிகையைத் தண்ணீரில் நனைத்தார்.

"அசையாம இருங்க, டீச்சர்."