பீரோவுக்குள் ஒரு தேர்வு

அறிவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, சொன்னதைச் சொன்னபடி செய்தால் போதும் என்று வைதேகி மேடம் ஒரு நாள் வகுப்பில் சொல்லித் தொலைத்தார். அறுபது பேர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று பேர் மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

அந்த மூவரில் மூத்தவன் மதிவாணன். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில், கணினி விளையாட்டு உருவாக்கும் படிப்பின் கடைசி வருஷத்தை ஐந்தாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தான். வைதேகி மேடமே அவனுக்கு ஒரு வருஷம் ஜூனியர்தான். இந்த முறையும் கோட்டை விட்டால் பேரையே அடித்துவிடுவோம் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அதை அவன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். அவ்வளவு பயம்.

அவனுடைய குழுவில் எபனேசரும் பர்வீனும். மூவரும் செய்த விளையாட்டில், மாநகரப் பேருந்தின் படிக்கட்டில் தொங்குகிறவர்களை நடத்துநர் ஒவ்வொருவராக உள்ளே தள்ள வேண்டும். நன்றாகத்தான் வந்திருந்தது. இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு வயிற்றெரிச்சல் அதனால்தான்.

தேர்வுக்கு முந்தின நாள் மேடம் கூப்பிட்டுச் சொன்னார்: "நாளைக்கு மூணு மணிக்கு வெளியிலேர்ந்து எக்ஸாமினர் வர்றார். அதுக்குள்ள, கேமே ஆடித் தெரியாத ஒருத்தர உக்கார வச்சு ஆட விடுங்க. அவர் ஆடி முடிக்கற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. உதவி பண்ணக் கூடாது. நீங்க இருக்கற இடமே தெரியக் கூடாது. அவர் என்ன பண்றார்னு மட்டும் எழுதி வையுங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஆய்வகத்து ஏசியைப் பழுதுபார்க்க பக்தவத்சலம் என்ற மெக்கானிக் ஏணியோடு வந்தார். ஆயுளில் ஒரு கேம்கூட ஆடியதில்லை என்றார். மூவரும் ஓரமாகப் போய் ஆலோசித்தார்கள்.

"இவர ஆட விட்டா ஏசிய யாரு பாப்பாங்க?" என்றான் எபனேசர்.

"ஏசியப் பத்தி மேடம் ஒண்ணும் சொல்லலயே," என்றான் மதிவாணன்.

"சொல்லாதத நாம ஏன் மதி அண்ணா செய்யணும்?" என்றாள் பர்வீன். தீர்மானம் நிறைவேறியது.

பக்தவத்சலத்தைக் கணினி முன் உட்காரவைத்து, "அண்ணே, முடியற வரைக்கும் எழுந்திருக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்கள். பிறகு எபனேசர் மேசைக்கு அடியிலும், பர்வீன் ஜன்னல் திரைக்குப் பின்னாலும், மதிவாணன் இரும்பு பீரோவுக்குள்ளும் போய்ச் சேர்ந்தார்கள். பீரோ கதவு விரற்கடை திறந்திருந்தது.

திரையில், 'தொடங்க ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தவும்' என்றிருந்தது. பக்தவத்சலம் தேடினார். அவர் தொழிலில் எதைத் தொடங்குவதானாலும் பெரிய பொத்தான்தான். கணினிப் பெட்டியில் விளக்கெரியும் பொத்தான் ஒன்று பெரிதாக இருந்தது. அழுத்தினார். கணினி அணைந்துவிட்டது.

வாய் திறக்கக் கூடாதென்பதால் விவாதம் வாட்ஸ்அப்பில் நடந்தது.

'ஆஃப் பண்ணிட்டாரே, சொல்லலாமா?' என்று எபனேசர் கேட்டான்.

'சொன்னா அது உதவி' என்று மதிவாணன் எழுதினான்.

'அப்ப என்ன எழுதறது?'

'நடந்தத எழுது. பத்து அஞ்சுக்கு ஆட்டம் இருட்டானது. ஆடுபவர் கண் எடுக்காமல் பார்க்கிறார்.'

பன்னிரண்டு மணிக்கும் அதையே எழுதினார்கள். ஒரு மணிக்கு பக்தவத்சலம் பையிலிருந்து எலுமிச்சை சாதத்தை எடுத்து, இருட்டுத் திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டார். எபனேசர் தலையில் நாலு பருக்கை விழுந்தது. இருக்கிற இடம் தெரிந்துவிடுமே என்று அவன் தட்டிவிடவில்லை.

மூன்று மணிக்கு எக்ஸாமினர் வந்தார். மேடம் அடுத்த ஆய்வகத்தில் வேறொரு குழுவோடு மாட்டிக்கொண்டிருந்ததால் தனியாகத்தான் வந்தார். பட்டியலைப் பிரித்து, "மதிவாணன்" என்று கூப்பிட்டார்.

பீரோவுக்குள் மதிவாணனுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. சட்டைப்பையில் கடிதம் நனைந்தது.

'மதி அண்ணா, உங்களத்தான்' என்று பர்வீன் செய்தி அனுப்பினாள்.

'அண்ணன் இன்னும் ஆடி முடிக்கலயே' என்று பதில் போட்டான். அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதான்.

எக்ஸாமினர் மூன்று பெயரையும் மும்மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

"பக்தவத்சலம் சார். காலைல பத்து மணிலேர்ந்து நான்தான் இங்க உக்காந்துட்டிருக்கேன்."

எக்ஸாமினர் அந்தப் பெயரைப் பட்டியலின் அடியில் பேனாவால் சேர்த்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "எப்படி ஆடறது?"

"கஷ்டமான ஆட்டம் சார். பெரிய பொத்தான அழுத்துனேன், இருட்டாயிடுச்சு. அஞ்சு மணி நேரமா யோசிக்கறேன்."

"மறுபடி அழுத்திப் பாத்தீங்களா?"

அது பக்தவத்சலத்துக்குத் தோன்றவே இல்லை. அழுத்தினார். கணினி முனகிக்கொண்டு எழுந்தது. விளையாட்டு தானாகத் திறந்து, தொடங்க ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முதல் கட்டம் தாண்டிட்டோம் போல," என்றார் எக்ஸாமினர். இந்த முறை அவரே பெரிய பொத்தானை அழுத்தினார். மறுபடி இருட்டு.

"விட மாட்டேங்குது பாருங்க சார்," என்றார் பக்தவத்சலம்.

நான்கு மணிக்குள் இருவரும் பதினோரு கட்டம் தாண்டினார்கள். எக்ஸாமினர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிறைய எழுதி, கை குலுக்கிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் பக்தவத்சலம், முடிந்தது என்று நினைத்து ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஒரு வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் முடிவை ஒட்டினார்கள். பக்தவத்சலம், முதல் வகுப்பு, தனிச்சிறப்பு. மதிவாணன், எபனேசர், பர்வீன் மூவருக்கும் நேராக, 'தேர்வுக்கு வரவில்லை'.

மதிவாணன் அதை இரண்டு தடவை படித்தான். கண் கலங்கிவிட்டது. மற்ற இருவரையும் இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டான்.

"பாத்தீங்களாடா, நாம அங்க இருந்தது ஒருத்தருக்கும் தெரியல."