குடத்தோடு வந்தவள்

ஆற்றோரத்துக் குடிசைகளை இடித்துவிட்டு, அங்கிருந்தவர்களை நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அந்தக் குடியிருப்பின் அரசுப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் ஷகிலா பாடம் எடுத்தாள். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் காரை எப்படிச் செய்வது என்பதுதான் பாடம்.

பிளஸ் ஒன் படிக்கும் ரோஸ்லின் அவளுடைய மாணவி. வகுப்பில் செய்தது முழங்கால் உயரத்தில் ஒரு வண்டி. அதன் உச்சியில் ஒரு கேமரா. படம் படமாகக் காட்டி, 'இது மனிதர், நில்' என்று ரோஸ்லினும் தோழிகளும் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எல்லாம் பயிற்சிக்குப் பணம் கொடுத்த நிறுவனம் அனுப்பிய, வெறுங்கையோடு நடப்பவர்களின் படங்கள்.

"எங்க தெருவையும் எடுத்துக் காட்டலாமே மிஸ்" என்று ஒருநாள் ரோஸ்லின் கேட்டாள். நிறுவனத்து அதிகாரி கௌதமிடம் ஷகிலா அதைச் சொன்னாள்.

"குழாயடியும் லாரியும் எதுக்கு மேடம்? நாங்க குடுத்ததே போதும்" என்றுவிட்டார் அவர்.

வண்டியை ஓட்டிக்காட்டும் நாள் வந்தது. பள்ளிக்கு முன்னால் தெருவோரம் விருந்தினர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மாணவிகள் குறுக்கே நடந்தார்கள், வண்டி நின்றது. தலைமையாசிரியர் நடந்தார், நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வந்தது. அது வந்தால் யாரும் எதற்காகவும் காத்திருக்க மாட்டார்கள். ரோஸ்லினின் அம்மா ஞானசுந்தரி தண்ணீர் பிடித்துக்கொண்டு, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடத்தோடு தெருவைக் கடந்தாள்.

வண்டி நிற்கவில்லை. நேராகப் போய் அவள் காலில் மோதியது. தலைக்குடம் விழுந்து, பிடித்த தண்ணீரெல்லாம் தெருவில் ஓடியது.

"மன்னிச்சுக்கோங்க சார்" என்று பதறினாள் அம்மா. "வண்டி மேல தண்ணி பட்டுடுச்சா?"

கௌதம் குனிந்து வண்டியைத் துடைத்தார். "பரவால்லம்மா. குடத்தை இறக்கி வச்சுட்டு, வெறுங்கையோட இன்னொரு தடவை வாங்க. சரியா நிக்கும்."

அம்மா இடுப்புக் குடத்தை இறக்கப் போனாள்.

ரோஸ்லின் முன்னால் வந்தாள்.

"இறக்காதம்மா!"

"ரோஸ்லின், பெரியவங்க வந்திருக்காங்க" என்று தலைமையாசிரியர் பல்லைக் கடித்தார்.

"வண்டி இடிச்சிருக்கு சார். எங்க அம்மா காலை ஒருத்தர்கூடப் பாக்கல. அவங்க மன்னிப்பு வேற கேக்கறாங்க." அவள் ஷகிலாவிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க மிஸ். எங்க அம்மா ஏன் அதுக்கு மனுஷியாத் தெரியல?"

ஷகிலா குனிந்து ஞானசுந்தரியின் காலைப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது. துப்பட்டா முனையால் இரத்தத்தை ஒற்றினாள். பிறகு, கீழே கிடந்த குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை வாங்கி இடுப்பில் வைத்தாள். நடுத்தெருவில் போய் நின்றாள்.

"வண்டியை விடு."

கையிலிருந்த ரிமோட்டின் பொத்தான் மேலேயே ரோஸ்லினின் விரல் நின்றது. "மிஸ், வேணாம்."

"விடுன்னு சொல்றேன்."

வண்டி கிளம்பியது. வேகம் பிடித்தது. ஷகிலா அசையவில்லை.

"ஐயோ மேடம், இடிச்சிடும்!"

கௌதம் விழுந்தடித்து ஓடிவந்து வண்டியை இரண்டு கைகளாலும் தூக்கிவிட்டார். சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

ஷகிலா அவரைப் பார்க்கவில்லை. குடத்தோடு ரோஸ்லின் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா? நான் குடத்தோட நின்னா, அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."