ஒரே ஒரு ரிங்

சிறுமலை அடிவாரத்தில் இருக்கிற அந்தச் சின்ன மடத்துக்கு வருகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள். அடுத்து போனைக் கழற்றுவார்கள். அதற்கென்றே வாசலில் ஒரு எவர்சில்வர் வாளி உண்டு. உள்ளே எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, வாளிக்குள் போன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உறுமிக்கொண்டிருக்கும். கண்ணை மூடியவர்களில் பாதிப் பேருக்குக் காது அங்கேதான் இருக்கும்.

மடத்தில் இருப்பவர் மௌனச் சாமி. எப்போதோ ஒரு மாசம் பேசாமல் இருந்தாராம், பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது நன்றாகவே பேசுவார்.

ஏகாம்பரம் அவருடைய சீடர். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே மடத்துக்கு வரத் தொடங்கிவிட்டார். சாமிக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசுதான். ஆனாலும் சாமி சாமிதானே.

அன்று காலை ஏகாம்பரம் போனை வாளிக்குள் போட்ட சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

சாமி வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து தன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“வா ஏகாம்பரம். இங்க பாரு, எந்த நாடோ தெரியல, ஆட்டுக்கு முடி வெட்டுறான். ஆடு சும்மா இருக்கு பாரேன். நம்ம ஊர் ஆடா இருந்தா முட்டித் தள்ளியிருக்கும்.”

ஏகாம்பரத்துக்கு எரிச்சலாக வந்தது. போனைத் திட்டலாம் என்று அவ்வளவு தூரம் வந்தால் சாமியே போனும் கையுமாக இருக்கிறார்.

“சாமி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“இந்தச் சனியன் வர்றதுக்கு முன்னாடி மனுஷன் நல்லா இருந்தானா, இல்லையா?”

சாமி ஆட்டை நிறுத்தினார். “யார் வீட்டுல சண்டை?”

“சண்டையெல்லாம் இல்ல. பொதுவாக் கேட்டேன்.”

“பொதுவாக் கேக்குறவன் போனை இப்படிப் போடமாட்டான்.”

ஏகாம்பரம் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தோள் துண்டைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

“என் தங்கச்சி தெய்வானை. தாராபுரத்துல மெஸ் நடத்துறா, சொல்லியிருக்கேன்ல? அவ பொண்ணுக்கு நாளன்னைக்குக் கல்யாணம். எனக்குப் பத்திரிகை எதுல வந்துச்சு தெரியுமா? வாட்ஸப்புல! தாய்மாமன் சாமி நான். தட்டுல வெத்தலை பாக்கு வெச்சு, புருஷனும் பொண்டாட்டியுமா வீடேறி வந்து முதப் பத்திரிகை வெக்கணும். போட்டோ அனுப்புறா, போட்டோ!”

“நீ என்ன பதில் போட்ட?”

ஏகாம்பரம் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“சொல்லப்பா.”

“கட்டை விரல்.”

சாமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமிச் சமாளித்தார்.

“சும்மா போடல சாமி. அவதான் முதல்ல போட்டா. எங்கப்பா திதியன்னைக்கு, நம்ம குடும்பம்னு ஒரு குரூப் இருக்கு, அதுல எழுதினேன். எங்க ரெண்டு பேரையும் அப்பா சைக்கிள்ல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணா உக்கார வெச்சு தேர் பாக்கக் கூட்டிட்டுப் போனது, அவ தூங்கி விழுந்துடாம நான் அவ பாவாடையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டது, எல்லாம். ஒத்தை விரல்ல சாயங்காலம் பூராவும் தட்டினேன். அழுதுக்கிட்டே தட்டினேன். யார் யாரோ கும்பிடு போட்டாங்க. இவ மட்டும் ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டுறா. சரி, ஓகே, பாத்துட்டேங்கிற மாதிரி. அப்பனை நெனச்சு எழுதினதுக்கு!”

“அப்புறம்?”

“குரூப்பை விட்டு வெளிய வந்துட்டேன்.”

“யாராவது கூப்பிட்டாங்களா?”

“ஒருத்தனும் கண்டுக்கல. என் பையன்கிட்டச் சொன்னேன், ‘அப்படியாப்பா, நான் அந்தக் குரூப்பை மியூட்ல போட்டு ரெண்டு வருஷமாச்சு’ங்கிறான்.”

சாமி மறுபடியும் இருமினார்.

“பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனியா?”

இந்தக் கேள்வி வரும் என்று ஏகாம்பரம் எதிர்பார்க்கவில்லை. குரல் இறங்கிவிட்டது.

“போகல. அவளுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு பொங்கல் தவறினதில்ல. கரும்பும் மஞ்சக்கொத்தும் எடுத்துக்கிட்டு முத வண்டிக்கே போயிடுவேன். இந்த வருஷம் போகல. அவளும் ஏண்ணே வரலேன்னு கேக்கல.”

வாளிக்குள் யாருடைய போனோ உறுமி அடங்கியது.

“நாளன்னைக்குப் போறியா?”

“எந்த மூஞ்சியோட போறது? என் பொண்டாட்டி கோமளா சேலையை இஸ்திரி போட்டுக் கட்டில் மேல வெச்சுருக்கா. நான் போகலைன்னா அவளும் போகமாட்டாளாம். சேலையையும் எடுத்து உள்ள வெக்கமாட்டேங்கிறா. எதிர்க்கவே கெடக்கு. மேடையில தாய்மாமன் எங்கன்னு கூப்பிடுவாங்க சாமி. அந்தப் புள்ளை திரும்பித் திரும்பிப் பாக்கும். அதை நெனச்சா எனக்குச் சோறு எறங்கல.” ஏகாம்பரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எல்லாம் இந்தப் போனால வந்தது. பழைய காலத்துல இப்படி உண்டா?”

“பழைய காலத்துல எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லு.”

அவ்வளவுதான். ஏகாம்பரத்தின் முகமே மாறிவிட்டது.

“பட்டன் போன் வந்த புதுசு சாமி. எங்கிட்ட ஒண்ணு, அவகிட்ட ஒண்ணு. நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு காசு பிடுங்குவான். பேசுறதாவது! அவ இங்க வந்துட்டு ஊருக்குத் திரும்புறப்போ நானே பஸ் ஏத்திவிடுவேன். டிரைவர்கிட்ட, ‘நம்ம தங்கச்சிப்பா, பாத்துப் போ’ன்னு சொல்லுவேன். வண்டி கெளம்பினதும் என் மனசும் கூடவே ஓடும். இந்நேரம் ஒட்டன்சத்திரம் தாண்டியிருக்கும், இந்நேரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கியிருப்பா, இந்நேரம் வீட்டுக்கு நடந்துக்கிட்டிருப்பா. அப்ப போன் அடிக்கும். ஒரே ஒரு ரிங். கட் ஆயிடும்.”

“மிஸ்டு கால்.”

“ஒரு ரிங்னா வீடு வந்து சேந்துட்டேன்னு அர்த்தம். ரெண்டு ரிங்னா விஷயம் இருக்கு, நீ கூப்பிடுன்னு அர்த்தம். நாங்களா வெச்சுக்கிட்டது. எடுக்கவே கூடாது. எடுத்தா அவ காசு போயிடும்.” ஏகாம்பரம் சிரித்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறார். “ஒரு தடவை கோமளா தெரியாத்தனமா எடுத்து அலோன்னுட்டா. தெய்வானை அந்தப் பக்கம் கத்துறா, ‘அய்யய்யோ எடுத்துட்டீங்களே அண்ணி, இருந்ததே அம்புட்டுத்தான்!’ அந்தக் கத்தல்லயே மிச்சக் காசும் போயிடுச்சு. ஒரு வாரம் ரெண்டு பேரும் பேசிக்கல. அதுக்கப்புறம் எங்க வீட்டுல அந்த நேரத்துக்குப் போன் அடிச்சா யாரும் கிட்டக்கூடப் போகமாட்டோம். எட்ட நின்னு பாப்போம். கட்டானதும் ‘அப்பாடா’ன்னு நான் சாப்பிட உக்காருவேன்.”

“ஒரு வார்த்தை பேசாமலா?”

“ஒரு வார்த்தை பேசாம! அந்த ஒரு ரிங்ல எல்லாம் இருந்துச்சு சாமி. இப்பப் பாருங்க. எவ்வளவு பேசினாலும் காசில்ல, மூஞ்சியைப் பாத்தே பேசலாம். காலங்காத்தால குட் மார்னிங் ரோசாப்பூவா வந்து விழுது. எம் பொறந்தவகிட்ட இருந்து ஒரு வார்த்தை இல்ல.”

சாமி எழுந்து போனார். வாளிக்குள் கைவிட்டுத் துழாவி, ஏகாம்பரத்தின் போனை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தார்.

“அவ நம்பர் தெரியுமா?”

“பெத்த பையன் நம்பர் தெரியாது. அவ நம்பர் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அவ இன்னும் மாத்தல.”

“ஒரு ரிங் விடு.”

“சாமி?”

“ஒரே ஒரு ரிங். விட்டுட்டுக் கட் பண்ணிடு.”

“நானா? நானா எறங்கிப் போகணும்?”

“பேசச் சொல்லலையே.”

“அதில்ல சாமி. ஒரு ரிங்னா வீடு வந்து சேந்துட்டேன்னு அர்த்தம். நான் எங்க போனேன், வந்து சேர்றதுக்கு?”

சாமி பெஞ்சில் உட்கார்ந்து தன் போனை எடுத்து ஆட்டை மறுபடி ஓடவிட்டார்.

ஏகாம்பரம் போனைப் பார்த்தார். நம்பரை ஒவ்வொன்றாகத் தட்டினார், பேரைத் தேடவில்லை. கடைசி எண்ணைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் காதில் வைத்தார். அந்தப் பக்கம் ஒரு தடவை மணி அடித்தது. சூடுபட்டவர் மாதிரி கட் பண்ணினார்.

காற்றுக்கு வேப்பம்பூ உதிர்ந்தது. ஏகாம்பரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். திரை இருண்டுபோனது.

“மெஸ்ல இட்லி நேரம்,” என்றார், தனக்குத்தானே சொல்வது போல. “இந்நேரம் மூச்சு விடமாட்டா. கை பூரா மாவா இருக்கும்.”

“உங்கப்பா திதியன்னைக்கும் மெஸ் உண்டா?”

“உண்டு. காலேஜ் பசங்க நம்பியிருக்காங்களே.” சொல்லிவிட்டு ஏகாம்பரம் நிறுத்தினார். “நான் அனுப்பினது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். கூட்டம் அள்ளும்.” மறுபடி நிறுத்தினார். “மாவுக் கையோட ஒரு விரலைத் துடைச்சுக்கிட்டு…”

தன் கட்டை விரலையே பார்த்தார்.

அப்போது போன் அடித்தது.

ஏகாம்பரம் பதறி எழுந்தார். போன் மடியிலிருந்து நழுவப் பார்த்தது, பிடித்துப் பெஞ்சின் மேல் வைத்தார். திரையில் தெய்வானை என்று வந்தது. ஏகாம்பரத்தின் பேத்தி பிறந்தநாளில் எடுத்த போட்டோ, வாயெல்லாம் சிரிப்பு.

“அவதான் சாமி! புரிஞ்சுக்கிட்டா. மறக்கல பாருங்க, ஒரு ரிங்!”

போன் மறுபடி அடித்தது.

“ரெண்டு! ரெண்டுன்னா விஷயம் இருக்குன்னு அர்த்தம். கட் பண்ணினதும் நான் கூப்பிடணும்.”

மூன்றாவது மணியும் அடித்தது. நான்காவதும் அடித்தது. ஏகாம்பரம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு அடி தள்ளி நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் துடைக்கவில்லை.

“கட் பண்ணமாட்டேங்கிறாளே சாமி…”

மௌனச் சாமி ஆட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“எடு ஏகாம்பரம். இப்ப அவ காசு போகாது.”