உளிக்கு வெட்டிய இடம்

"அலமாரி இன்னும் முடியல, டீச்சர்" என்றார் நல்லதம்பி.

ஹெப்சிபா டீச்சர், லேத்தில் சுழன்றுகொண்டிருந்த கட்டையிலிருந்து உளியை எடுக்கவில்லை.

"கிண்ணம்?"

"அலமாரி முடிஞ்சாதான் கிண்ணம்."

"சரி."

கட்டை சுழன்றது. சீவல் சுருள் சுருளாக அவர் காலடியில் விழுந்தது.

நல்லதம்பி பல் டாக்டர். ஐம்பதைத் தாண்டிய பிறகு மரம் கடையக் கற்றுக்கொள்ள வந்தவர். டீச்சருக்கும் அவர் வயதுதான். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர், இப்போது வீட்டு கார் ஷெட்டில் கடைசல் சொல்லிக்கொடுக்கிறார். அதிகம் பேசமாட்டார். அதனால் வருகிறவர்களும் குறைவு.

"ஏன் இவ்வளவு நாளாகுதுன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏன்?"

நல்லதம்பி கீழே கிடந்த ஒரு சீவல் சுருளை எடுத்துப் பிரித்தார்.

"நீங்களே ஒரு தடவை வந்து பாருங்க" என்றார்.

ஐப்பசிக் காற்றில் நல்லதம்பி வீட்டு வாசலில் நின்ற பூவரசு சாய்ந்துவிட்டது. மனைவி சீதாலட்சுமி கிளைப் போத்தாக நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அதுல எனக்கு ஒரு கிண்ணம் செஞ்சு குடுங்க."

அறுத்து ஏற்றிப்போனவர்களிடமிருந்து அவர் ஒரு துண்டை வாங்கி வைத்துக்கொண்டார். பச்சை மரம் காயக் காய வெடிக்கும். ஈரம் இருக்கும்போதே கடைந்துவிட வேண்டும். அது அவருக்குத் தெரியும். ஆனால் உளிகள் கண்டபடி கிடக்கும் இடத்தில் கை எப்படி நிதானப்படும்? வேறு கட்டையைக் கெடுத்தால் இன்னொன்று வாங்கலாம். இதைக் கெடுத்தால்?

முதலில் ஒரு அலமாரி செய்துகொள்ளலாம் என்று தோன்றியது.

தை பிறந்து, போயும்விட்டது. சீதாலட்சுமி தினமும் காலையில் கட்டையின் மேல் சாக்கைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். முன்பு செடிக்கு ஊற்றியது போலவே. எப்போது என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

டீச்சர் வந்தார்.

அலமாரி பளபளத்தது. உப்புத்தாள்களுக்கு ஒரு தட்டு. மெழுகுக்கும் எண்ணெய்க்கும் ஒரு தட்டு. கதவின் உட்புறத்தில் ஒவ்வொரு உளிக்கும் அதன் உருவத்திலேயே பள்ளம் வெட்டி, பச்சை வெல்வெட் ஒட்டியிருந்தார். முனை எங்கே முடிகிறதோ அங்கேயே பள்ளமும் முடிந்தது.

நல்லதம்பி கதவைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

"ஏதாவது சத்தம் வருதா?"

"இல்ல."

"ஒரு நூல் இடைவெளி கிடையாது, டீச்சர்."

"இன்னும் என்ன பாக்கி?"

"வார்னிஷ் இன்னொரு கோட்டு. அப்புறம் கைப்பிடி. மனசுக்குப் பிடிச்ச மாதிரி ஒன்னும் அமையல."

காபியோடு வந்த சீதாலட்சுமி சொன்னாள்: "நோயாளி வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கான் டீச்சர். டாக்டர் டிரேயை அடுக்கிட்டே இருக்கார்."

டீச்சர் சிரித்தார். பிறகு துணிப்பையிலிருந்து தன் உளியை எடுத்து நீட்டினார். பிடிக்கு வெளியே தெரிந்த இரும்பு சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது.

"இதுக்கும் ஒரு இடம் வெட்டிக் குடுங்க, டாக்டர்."

"இது என்ன உளி? இவ்வளவு குட்டையா?"

"நீங்க வச்சிருக்கற அதே உளிதான். அதே கம்பெனி. நான் முன்னாடியே வாங்கினேன்."

நல்லதம்பி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டீச்சருடைய உளியைப் பலகையில் கிடத்தி, பென்சிலால் சுற்றி வரைய ஆரம்பித்தார். முனைக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"இதை இன்னும் தீட்டுவீங்களா?"

"நாளைக்குக் காலையில."

"அப்ப எந்த அளவுக்கு வெட்டறது? தீட்டத் தீட்டக் குறையுமே. இன்னைக்குச் சரியா வெட்டினா அடுத்த மாசம் ஆடும்."

டீச்சர் காபியை ஊதிக் குடித்தார்.

தான் சொன்னது நல்லதம்பிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் காதில் விழுந்தது.

அவர் தன் கதவைப் பார்த்தார். எல்லா உளிகளும் வாங்கின அன்று இருந்த நீளத்தில் இருந்தன. ஒன்றுகூட ஆடவில்லை.

"நான் பயந்துக்கிட்டா இருந்தேன், டீச்சர்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் உளிக்கு இடம்தானே கேட்டேன்."

நல்லதம்பி வெளியே போய்ச் சாக்கை விலக்கினார். கட்டையின் முகத்தில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடியிருந்தது.

"நேரம் போயிடுச்சோ?"

"அறுத்தாதான் தெரியும்" என்றார் பின்னால் வந்த டீச்சர்.

சீதாலட்சுமி வாசல்படியில் நின்றாள். உள்ளே போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

நல்லதம்பி கட்டையின் முனையில் ஒரு வட்ட வில்லை அறுத்தார். வெடிப்பு இருந்தது. இன்னொன்று அறுத்தார். அதிலும் இருந்தது, கொஞ்சம் மெலிந்து. மேலும் ஒன்று. மயிரிழையாக ஒரு கோடு.

அடுத்த வில்லை விழுந்தபோது கோடு இல்லை. உள்ளே மரம் ஈரமாக, கருஞ்சிவப்பாக, முழுசாக இருந்தது.

சீதாலட்சுமி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்கா?"

"இருக்கு."

மிஞ்சியதைப் பிளந்து, ஒரு பாதியை வட்டமாக்கி, உள்ளே அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த தன் லேத்தில் ஏற்றினார். உளி மழுங்கியது. தீட்டினார். மறுபடி மழுங்கியது. மறுபடி தீட்டினார். சாணைக்கல்லில் பொறி பறந்தது. ஒருமுறை உளி இடறி விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் வார்னிஷ் டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

விளிம்பைத் தாழ்த்தினார். கிண்ணம் சின்னதாயிற்று. ஆனாலும் கிண்ணம்தான்.

"காயும்போது கொஞ்சம் கோணும்" என்று மனைவியிடம் கொடுத்தார்.

"கோணினா என்ன? இந்த வீட்டுல யாரு நேரா இருக்கா?" என்றாள் அவள். கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். கீழே வைக்கவில்லை.

டீச்சர் குட்டை உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நல்லதம்பி சீவலையெல்லாம் கூட்டிப் பெருக்கினார். உளியைத் துடைத்து அதன் பள்ளத்தில் வைத்தார். அலமாரிக் கதவைச் சாத்தினார்.

உள்ளே டக்கென்று ஒரு சத்தம்.

"என்னங்க, ஏதோ ஆடுது" என்றாள் சீதாலட்சுமி.

"ஆடட்டும்" என்றார்.