ஒரு கேன் கசடு

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மடம். பாதயாத்திரை போகிறவர்கள், லாரிக்காரர்கள், வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறவர்கள், எல்லோருக்கும் அங்கே நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் உண்டு. மடத்தின் தலைவி தையல்நாயகி அம்மை. அவருடைய சீடர் கலியமூர்த்தி அவரைவிட வயதில் மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படிக்கட்டில் தொங்கியவர்களோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியதில், மனிதர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"அம்மா, மலைக் குகைக்குப் போய்த் தனியா தவம் பண்ணணும். உத்தரவு குடுங்க."

"எதுக்கு?"

"இங்க இருந்தா கோபம் அடங்க மாட்டேங்குது. தெனம் யார்கிட்டயாவது கத்துறேன்."

அம்மை அவரைக் கழிப்பறைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே மண்ணுக்கடியில் ஒரு தொட்டி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் அழுக்கைத் தின்று வாழ்கின்றன. ஒரு மோட்டார் அவற்றுக்குக் காற்று ஊதுகிறது. தெளிந்த நீர் மறுபக்கம் வந்து அரளிச் செடிகளுக்குப் போகிறது.

"நான் யாத்திரை போயிட்டு வர்றேன். அதுவரைக்கும் இது உங்க பொறுப்பு. திரும்பி வர்றப்ப நல்லா இருந்தா நீங்க மலைக்குப் போகலாம்."

கலியமூர்த்திக்கு வேறென்ன வேண்டும்? அன்றே கழிப்பறையைத் தேய்த்துக் கழுவினார். ஈரம் காய்வதற்குள் ஒரு வேன் கூட்டம் வந்து மிதித்துவிட்டுப் போனது. மறுபடி கழுவினார். மறுபடி மிதித்தார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டுப் பூட்டுப் போட்டார். கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருக்க நம் ஊரில் எல்லோரும் கண்டுபிடித்த வழி அதுதானே. கேட்டு வந்தவர்களுக்குப் புதரைக் காட்டினார். மோட்டாரை மட்டும் ஒரு நாளும் ஓட்டத் தவறவில்லை.

அம்மை திரும்பி வந்தபோது தரையில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. நாற்றம் இல்லை. அரளி மட்டும் வாடிக் கிடந்தது.

"இத்தன நாளா ஒருத்தர்கிட்டயும் கத்தலம்மா," என்றார் கலியமூர்த்தி. பெருமை தாங்கவில்லை அவருக்கு.

"சந்தோஷம். பூட்டைத் தொறங்க."

யாத்திரை பஸ்கள் வரத் தொடங்கின. கூட்டம் உள்ளே போய் வந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் நாற்றம் சாலைவரை அடித்தது. கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன மடம்யா இது?" என்றாள்.

"கும்பல் கும்பலா வந்தா நாறத்தான் செய்யும்! போ வெளிய!"

குழந்தை வீரிட்டு அழுதது. அந்தப் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். கலியமூர்த்திக்குத் தன் குரலைக் கேட்டே வெட்கமாகிவிட்டது.

அம்மை தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

"காத்து குடுத்தீங்க. சாப்பாடு குடுத்தீங்களா?"

"என்ன சாப்பாடும்மா?"

"ஆளுங்க வந்தாத்தானே அதுங்களுக்குச் சாப்பாடு. பட்டினியில செத்துப்போச்சு."

கலியமூர்த்தி தலைகுனிந்தார். "இப்ப என்ன பண்றது?"

அம்மை ஒரு மூடி போட்ட கேனை நீட்டினார். "பிச்சைக்குப் போயிட்டு வாங்க."

எதிர்ப்பக்கத்து ஓட்டல்காரர் காவியைக் கண்டதும் இலை போடச் சொன்னார்.

"சோறு வேணாம்யா. உங்க கக்கூஸ் தொட்டியிலேர்ந்து ஒரு கேன் கசடு குடுங்க."

ஓட்டல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, குழாய் போட்டு உறிஞ்சி நிரப்பித் தந்தார்.

கசடைத் தொட்டியில் ஊற்றியாயிற்று. கசடோடு வந்த ஜீவன்களுக்கு இனிச் சாப்பாடு போட ஆள் வேண்டும். கலியமூர்த்தி தினமும் சாலை ஓரத்தில் நின்று வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தினார். "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு!" பழைய தொழில் கைகொடுத்தது. சில நாள் அவருக்கே சிரிப்பு வந்தது.

அரளி துளிர்த்தது. ஒரு காலையில் அம்மை வந்து தொட்டியைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. சொன்ன சொல் சொன்னதுதான். நீங்க மலைக்குப் போகலாம்."

கலியமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை.

"அங்க போனா எனக்குக் கோபமே வராது, இல்லையாம்மா?"

"வராது," என்றார் அம்மை. "மொத ஆளு வர்ற வரைக்கும்."